படிவம் நிரப்பும் கடையும் நூறு வருடக் கதையும்

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரப் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் இப்போது வாசிக்க நேரமில்லாவிட்டாலும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலையில் உயிரியல் பிரிவில் படித்த ஒரு பிள்ளை. வாப்பா மீன் வியாபாரம், மூத்த பிள்ளை இவள்தான். தாதியியல் பட்டம் படிக்க வேண்டும் என்று தரம் பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். பெறுபேறு வந்தது, மாவட்டத்து வெட்டுப்புள்ளிக்குப் போதுமான இசட் புள்ளியும் இருந்தது. ஆனால் அனுமதிக் கடிதம் வேறொரு கற்கைநெறிக்கு வந்தது. எப்படி என்று பார்த்தோம். சந்தியில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் விண்ணப்பத்தை நிரப்பியிருக்கிறார்கள். கடையிலிருந்த தம்பி தன்னிடம் இருந்த ஒரு பட்டியலை அப்படியே அடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் அந்த வேறு கற்கைநெறி மூன்றாவது, தாதியியல் ஏழாவது. மூன்றாவது கிடைத்துவிட்டது. மேலே உள்ள ஒன்று கிடைத்துவிட்டால் கீழே உள்ளவற்றை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். முறை அப்படித்தான்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஒரு விண்ணப்பத்துக்கு சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு தட்டச்சு செய்வதுதான் அவர் வேலை. பதின்மூன்று வருடம் படிப்பித்த நாங்கள் அந்த இரண்டு வாரமும் எங்கே இருந்தோம் என்பதுதான் கேள்வி. பெறுபேறு வந்த அன்று பதாகை அடிக்க ஓடினோம். படம் எடுத்தோம், முகநூலில் போட்டோம். விண்ணப்பத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்களில் சிலர் உட்கார்ந்து பழைய கதைகளைத் தேடத் தொடங்கினோம். இந்த நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும் விதி எத்தனை தடவை மாறியது, ஒவ்வொரு தடவையும் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று. தேடியதில் விளங்கியது ஒன்று. விதி எதுவாக இருந்தாலும் அதை முந்தி விளங்கிக்கொண்டவன் பிள்ளை உள்ளே போயிருக்கிறது. எங்கள் ஊர்கள் பெரும்பாலும் விதி மாறி நாலைந்து வருடம் கழித்துத்தான் விளங்கிக்கொண்டிருக்கின்றன.

முதலில் இருந்து வருவோம். 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அது சொந்தமாகப் பட்டம் கொடுக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்குத்தான் ஆயத்தம் செய்தது. எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலப் பாடசாலைக்குச் சம்பளம் கட்ட வேண்டும், அப்படிப்பட்ட பாடசாலைகள் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் என்று நகரங்களில்தான். எங்கள் சமூகமோ ஆங்கிலப் படிப்பு என்றால் மிஷன் பாடசாலை, மிஷன் பாடசாலை என்றால் மதம் போய்விடும் என்று பயந்து நின்ற காலம் அது. அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று இன்று சொல்வது இலேசு. சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கத்தையும் விடாமல் ஆங்கிலத்தையும் படிக்கலாம் என்று எழுதி எழுதியே வாழ்நாளைச் செலவிட்டார். 1892 இல் மருதானையில் தொடங்கிய மத்ரஸாதான் பிறகு ஸாஹிறாக் கல்லூரி. 1921 இல் டி.பி. ஜாயா அதற்கு அதிபராக வந்தார். பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய அதே வருடம் என்பதைக் கவனியுங்கள். அவர் 26 வருடம் அந்தக் கதிரையில் இருந்தார். உயர்கல்விக்குப் போகும் முஸ்லிம் பிள்ளை என்றொரு ஆள் இருக்கலாம் என்று சமூகம் நம்பத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

ஆனால் நாங்கள் அதிகம் பேச வேண்டியவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். அவர் பிறந்தது யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில். படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும். ஒரு முஸ்லிம் பிள்ளை இந்துக் கல்லூரியில் படித்து, பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு கற்று, 1935 இல் சிவில் சேவைக்குத் தெரிவானார். அந்தச் சேவைக்குப் போன முதல் முஸ்லிம் அவர். 1942 இல், யுத்தகாலத்தில், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். வந்த வேலை உணவு உற்பத்தி, நெல், காணி. ஆனால் ஊர்களுக்குள் சுற்றிய மனிதர் கண்டது வேறு: கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்தாம் ஆறாம் வகுப்போடு வயலுக்கும் கடைக்கும் போகிறார்கள். பிள்ளைக்கு மூளை இருந்தது, வாப்பாவுக்கு விருப்பமும் இருந்தது. அடுத்த படி எங்கே, அதற்கு எவ்வளவு காசு, யாரைக் கேட்பது என்று சொல்லத்தான் ஊரில் ஒருவரும் இல்லை.

1945 இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் தொடங்கியதற்குப் பின்னால் இந்தக் கல்முனைக் காட்சி இருக்கிறது என்றே நாங்கள் நினைக்கிறோம். அதை ஒரு தர்மக் காசுப் பெட்டியாக மட்டும் பார்க்கக் கூடாது. புலமைப்பரிசில் நிதியம் ஒன்று இருக்கிறது என்றாலே, அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், என்ன பரீட்சை, எந்தக் கல்லூரி, எத்தனை வருடம் என்று ஒரு குடும்பம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். இன்று நாங்கள் பெரிய பெயரில் 'தொழில் வழிகாட்டல்' என்கிறோமே, அதன் வேலை அங்கே நடந்தது. 1948 இல் அவர் சிவில் சேவையையே விட்டுவிட்டு ஸாஹிறாவுக்கு அதிபராகப் போனார். இன்றைக்கு யாராவது அப்படி ஒரு உத்தியோகத்தை விட்டு அதிபராகப் போவார்களா? நாங்கள் வலயக் கல்வி அலுவலகத்துக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கிற ஆட்கள்!

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். தொடக்கத்தில் மொத்த மாணவர் 904 பேர். இன்று எங்கள் பக்கத்து ஒரு தேசிய பாடசாலையில் அதை விடக் கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகமே நுழைவுப் பரீட்சை நடத்தி ஆள் எடுத்தது. 904 பேரில் முஸ்லிம்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. மத்திய கல்லூரிகள் கிராமங்களுக்கு வந்தன. 1946 இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி. பிறகு சுயபாஷை. 1960 இல் பல்கலைக்கழகத்தின் கலைப்பிரிவு சிங்களத்திலும் தமிழிலும் பிள்ளைகளை எடுத்தது. வாசல் ஒரேயடியாக அகலமானது. ஆங்கிலம் தெரியாத கிராமத்துப் பிள்ளையும் பேராதனைக்குப் போகலாம் என்றானது. எங்கள் ஊரின் முதல் பட்டதாரிகள், அவர்களில் பலர் எங்களுக்குப் படிப்பித்தவர்கள், அந்த அலையில் போனவர்கள்தான்.

ஆனால் அகலமானது கலை வாசல். மருத்துவமும் பொறியியலும் ஒடுங்கியபடியே இருந்தன. இருக்கிற கொஞ்ச இடத்துக்கு நாடே போட்டி. 1970 இல் வந்து நின்ற இடம் அதுதான்.

இந்தப் பகுதியை எங்கள் மத்தியில் அரைகுறையாகவே கதைக்கிறோம். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1970 மே தேர்தலில் வந்த அரசில் கல்வி அமைச்சர் பதியுத்தீன் மஹ்மூத். கம்பளை ஸாஹிறாவின் அதிபராக இருந்தவர், அலிகாரில் படித்தவர். முஸ்லிம் பாடசாலைகளுக்கும் மௌலவி ஆசிரியர்களுக்கும் அவர் செய்தவற்றை இன்றும் நன்றியோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அவர் காலத்தில்தான் தரப்படுத்தலும் வந்தது. தமிழ்மொழிமூலப் பரீட்சகர்கள் புள்ளியை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. அது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அந்த வருட அனுமதியில் மொழிமூலத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைத்தார்கள். நானூறு புள்ளிக்கு மருத்துவம் போகத் தமிழ்மொழிமூலப் பிள்ளைக்கு 250, சிங்களமொழிமூலப் பிள்ளைக்கு 229. பேராதனைப் பொறியியலுக்கு 250 உம் 227 உம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. விதி பார்த்தது மொழிமூலத்தை. கிழக்கிலும் வடக்கிலும் தமிழில் எழுதிய முஸ்லிம் பிள்ளைக்கும் அதே 250தான். 'தரப்படுத்தல் எங்களுக்காக வந்தது' என்று எங்கள் ஆட்கள் சிலர் பெருமையாகச் சொல்வதும், 'தரப்படுத்தலால் முஸ்லிம்கள்தான் வாழ்ந்தார்கள்' என்று தமிழ்ச் சகோதரர்கள் சிலர் கசப்போடு சொல்வதும் அந்த முதல் வருடத்தைப் பொறுத்தவரை இரண்டுமே பிழை.

1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோதுதான் கதை மாறியது. ஒரு மாவட்டத்தின் சனத்தொகை எவ்வளவோ அந்த விகிதத்தில் இடங்கள். அடி விழுந்தது யாழ்ப்பாணத்துக்கு. விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளில் தமிழ் மாணவர் பங்கு 1970 இல் 35 வீதத்துக்கு மேல், 1974 இல் ஏறத்தாழ 21 வீதம். நாலே வருடம். ஒரு தலைமுறை இளைஞர்கள், கஷ்டப்பட்டுப் படித்தும் பயனில்லை என்று முடிவெடுத்த நாலு வருடம். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரே காரணம் தரப்படுத்தல் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் காரணங்களில் ஒன்று என்பதை மறுக்கிறவர் அந்தக் கால யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரோடு அரைமணி நேரம் கதைத்திருக்கமாட்டார். யாழ்ப்பாணம் சோனகத்தெருவிலிருந்த எங்கள் சகோதரர்களின் பிள்ளைகளும் அதே யாழ் மாவட்ட வெட்டுப்புள்ளியோடுதான் மல்லுக்கட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுபக்கம், எங்கள் அம்பாறை மாவட்டம் போன்ற இடங்களுக்கு அந்த ஒதுக்கீடு கதவு திறந்தது. ஆய்வுகூடம் இல்லாத, பௌதிகவியல் ஆசிரியர் வருடத்துக்கொருவர் மாறுகிற பாடசாலையில் எடுத்த புள்ளியையும் கொழும்பில் எடுத்த புள்ளியையும் ஒரே தராசில் போடுவது நீதியில்லை என்ற வாதம் பொய்யான வாதம் அல்ல. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இன்று டொக்டரும் எஞ்சினியரும் இல்லாத ஒழுங்கை குறைவு. அதில் பாதியாவது இந்தக் கதவு வழியாக வந்தது. ஒரே விதி ஒரு வீட்டில் விளக்கேற்றி அடுத்த வீட்டில் அணைத்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லும்போது மற்றதை விழுங்கக் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு. பின்னூட்டத்தில் சண்டை வரும் என்று தெரியும். பரவாயில்லை.

அதற்குப் பிறகு வீதங்கள் பல தடவை மாறின. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தோடு மானியங்கள் ஆணைக்குழு வந்தது. 1979 இல் நாடளாவிய திறமைக்கு 30, மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 வீதம். இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அது 40, 55, 5. கடைசி ஐந்து வீதம் 16 மாவட்டங்களுக்கு. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, புத்தளம், மன்னார் எல்லாம் அதில் உண்டு. ஒரு காலத்தில் ஒதுக்கீட்டால் அடிபட்ட யாழ்ப்பாணமும் இன்று அந்தப் பட்டியலில் இருக்கிறது. யுத்தம் ஒரு மாவட்டத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டாம்.

மாவட்டம் என்பது பெரிய போர்வை. அதன் கீழே யார் படுக்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. கொழும்பு மாளிகாவத்தையில், கிராண்ட்பாஸில், ஒரு அறை வீட்டில் ஏழு பேரோடு இருந்து படிக்கும் பிள்ளையும் கொழும்பு மாவட்டம்தான். அவளுடைய போட்டி நாட்டின் மிகப் பெரிய பாடசாலைகளில் படிப்பவர்களோடு. நுவரெலியாவில் தோட்டத்து மக்களின் தலைகளையும் எண்ணித்தான் மாவட்டத்துக்கு இடங்கள் கிடைத்தன. ஆனால் தோட்டத்துப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்பே இல்லாத காலத்தில் அந்த இடங்களில் போய் இருந்தது தோட்டத்துப் பிள்ளை அல்ல. எங்கள் மாவட்டத்துக்குள்ளும் இதே கதைதான். கரையோரத்துப் பெரிய பாடசாலைக்கும் உள்ளே வயல்பக்கத்துச் சிறிய பாடசாலைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி.

யுத்த காலம் எங்கள் ஊர்களுக்கு இன்னொரு வாசலை மூடியது. மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 இல் வந்தாறுமூலையில் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் என்று சந்தோஷப்பட்டோம். 1990 இல் நடந்தவற்றை இங்கே எழுதத் தேவையில்லை. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டதும் அதே வருடம். யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் அனுமதி கிடைத்த எங்கள் பிள்ளைகள் போக வழியில்லாமல் கையில் கடிதத்தோடு வீட்டில் இருந்தார்கள். அந்த நெருக்கடியில்தான் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக் கட்டிடத்தில் தொடங்கியது, 1996 இல் பல்கலைக்கழகமானது, ஒலுவிலில் நிலைகொண்டது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அதற்காக எடுத்த பாடு ஊருக்கே தெரியும்.

ஒலுவில் செய்த பெரிய வேலை என்று எங்களைக் கேட்டால், பெண்பிள்ளைகளின் கதையைச் சொல்வோம். அதற்கு முன்பு பேராதனைக்கு இடம் கிடைத்தும் போகாத பெண்பிள்ளைகள் எங்கள் ஊரில் இருந்தார்கள். 'அவ்வளவு தூரம் ஹொஸ்டலில் விடுவதா' என்று வாப்பாமார் யோசித்தார்கள். ஒலுவில் வந்த பிறகு பஸ்ஸில் போய் வரலாம் என்றானது. ஒருத்தி போனாள், பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள், அவளும் போனாள். இன்று அதே வாப்பாமார் களனிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அறை பார்த்துக் கொடுக்கிறார்கள். எங்கள் உயர்தர வகுப்பில் இன்று பெண்பிள்ளைகள்தான் அதிகம். ஆண்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது இன்னொரு நீளமான பதிவு.

2000 ஆம் ஆண்டு உயர்தரத்தோடு நாலு பாடம் மூன்றாகி, 2001 இல் இசட் புள்ளி வந்தது. இருபது வருடத்துக்கு மேலாகியும் எங்கள் பெற்றோரில் பலருக்கு இது இன்னும் மந்திரம் மாதிரி. மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரி 60, புள்ளிகள் சராசரியிலிருந்து பொதுவாக விலகிய அளவு 15 என்று வைப்போம். உங்கள் மகன் 75 எடுத்தால் அந்தப் பாடத்தில் அவனுக்கு 1. இன்னொரு பாடம் கஷ்டம், சராசரி 30, விலகல் 20. அதில் 50 எடுத்தாலும் 1தான். அந்த 75 உம் இந்த 50 உம் ஒரே எடை. மூன்று பாடத்துக்கும் இப்படிப் பார்த்து அதன் சராசரியை எடுப்பதுதான் இசட் புள்ளி. ஆகவே 'இலேசான பாடம் எடு, புள்ளி கூட வரும்' என்ற பழைய புத்தி இப்போது செல்லாது. எல்லோருக்கும் இலேசான பாடத்தில் நீ 75 எடுத்து என்ன, பக்கத்துப் பிள்ளை 85 எடுத்திருப்பான்.

இதுவும் பிழைத்துப் போனதுண்டு. 2011 இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் பிள்ளைகள் எழுதினார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டார்கள். வேறு வேறு வினாத்தாள் எழுதியவர்களை ஒரே சராசரியில் எப்படி அளப்பது? வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 இல் நீதிமன்றம் அந்தக் கணக்கைத் தள்ளி, இரண்டையும் தனித்தனியாகச் செய்யச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் யார்? கணக்கு விளங்கிய பெற்றோரும் பிள்ளைகளும். எங்கள் ஊரில் அந்த வருடம் பலர் 'நஸீபு இல்லை' என்று சொல்லிவிட்டு இருந்தார்கள். கத்ரை நம்புகிறோம். ஆனால் பரீட்சைத் திணைக்களத்தின் கணக்குப் பிழையைக் கத்ர் தலையில் கட்டக் கூடாது.

இனி இன்றைய நிலை. நாட்டில் வருடத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் பிள்ளைகள் அரச பல்கலைக்கழகங்களுக்கு எடுக்கப்படுகிறார்கள். தகுதி பெறுகிறவர்கள் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். எங்கள் காலத்தில் மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம், கலை என்று ஒரு கையில் எண்ணிவிடலாம். இன்று மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைத் திறந்தால் கற்கைநெறிகள் நூற்றுக்கு மேல். 2013 இல் தொழினுட்பப் பிரிவும் சேர்ந்தது. பாடப் பெயரைப் பார்த்து இது என்ன வேலைக்கு என்று ஆசிரியர்கள் எங்களுக்கே சொல்லத் தெரியாதவை பல. தெரியாது என்று பிள்ளையிடம் சொல்ல எங்களுக்கு வெட்கம், அதனால் 'டீச்சிங்குக்குப் போகலாம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம்.

தொழில் வழிகாட்டல் ஆசிரியர் என்று ஒருவர் பல பாடசாலைகளில் பெயருக்கு இருக்கிறார். அவருக்கு வாரத்துக்கு முப்பது பாடவேளை, அதோடு கன்டீன் பொறுப்பு, விளையாட்டுப் போட்டிப் பொறுப்பு. வருடத்தில் ஒருநாள் யாரோ ஒரு நிறுவனம் வந்து 'வழிகாட்டல் கருத்தரங்கு' நடத்தும். பெரும்பாலும் அது அவர்களுடைய தனியார் பட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கூட்டம்தான். லட்சக்கணக்கில் கட்டணம், தவணைமுறை, இலவசத் தொப்பி. தனியார் படிப்பு எல்லாம் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் விற்க வந்தவரிடம் ஆலோசனை கேட்கிறோம் என்பது தெரிந்து கேட்க வேண்டும்.

அந்த மீன் வியாபாரியின் மகளுக்கு நடந்ததற்குப் பிறகு நாங்கள் கண்டவற்றைச் சொல்கிறோம்.

'முதலாவதாகப் பெரியதைப் போட்டு அது கிடைக்காவிட்டால் இரண்டாவதும் போய்விடும்' என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. முழுப் பொய். முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் இரண்டாவதுக்கு உங்கள் பிள்ளையின் இசட் புள்ளி அப்படியே முழு மதிப்போடு போகிறது, ஒன்றும் குறைவதில்லை. ஆகவே பட்டியலைப் பிள்ளை உண்மையில் விரும்பும் ஒழுங்கில் எழுத வேண்டும். கிடைக்கும் என்று நினைக்கிற ஒழுங்கில் எழுதக் கூடாது, ஊருக்குக் கிட்டிய ஒழுங்கிலும் கூடாது, மாமாவின் மகன் போன ஒழுங்கிலும் கூடாது. பட்டியலைக் குறைத்து எழுதுவதும் ஆபத்து. பத்து போட்டவர் ஒன்றும் கிடைக்காமல் இருப்பார், அவரை விடக் குறைந்த புள்ளிக்காரர் இருபத்தைந்து போட்டு உள்ளே போயிருப்பார். இதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

கட்டிடக்கலை, வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு போன்ற சிலவற்றுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கான அறிவித்தல் பத்திரிகையில் வரும், கைநூலில் இருக்கும், திகதி போய்விட்டால் போனதுதான். சில கற்கைநெறிகளுக்குச் சாதாரண தரத்து ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறிப்பிட்ட சித்தி வேண்டும். சாதாரண தரப் பெறுபேற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்ட வீட்டில் இது யாருக்கும் ஞாபகம் வராது. மாவட்டம் எது என்பது பிறந்த ஊரைப் பார்த்தோ அடையாள அட்டையைப் பார்த்தோ முடிவாவதில்லை. உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதே கணக்கு. கண்டிக்கோ கொழும்புக்கோ பெரிய பாடசாலை என்று பிள்ளையை மாற்றுகிற பெற்றோர் இதை மாற்றுவதற்கு முன்பு யோசிக்க வேண்டும், பின்பு அல்ல. கடைசி நேரத்தில் வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துக்கு ஓடிவருகிற விளையாட்டும் நடக்கிறது. அது அந்த மாவட்டத்து ஏழைப் பிள்ளையின் இடத்தைப் பிடுங்குவது. ஹலாலா என்று அவரவர் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பது தரம் பதினொன்று முடிந்து பிரிவு தெரியும் அந்த ஒரு மாதம். எங்கள் சிறிய பாடசாலைகளில் பிள்ளை கலைப்பிரிவுக்குப் போவது விருப்பத்தினால் அல்ல, அங்கே இருப்பது அது ஒன்றுதான் என்பதனால். மாவட்ட ஒதுக்கீடு இரசாயனவியல் ஆசிரியரைக் கொண்டுவந்து தராது. பதினாறு வயதில் மூடிய வாசலைப் பத்தொன்பது வயதில் எந்தக் கைநூலாலும் திறக்க முடியாது. எங்கள் பள்ளிவாசல் நிருவாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வரவேற்பு வளைவுக்குக் கொடுக்கிற காசில் இரண்டு பகுதிநேர விஞ்ஞான ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். சொன்னால் கோபம் வருகிறது.

அந்தப் பிள்ளை கிடைத்த கற்கைநெறியிலேயே படித்து முடித்துவிட்டாள். நன்றாகத்தான் செய்தாள், மாஷா அல்லாஹ். போன மாதம் பாடசாலைக்கு வந்திருந்தாள். தங்கை இம்முறை உயர்தரம் எழுதியிருக்கிறாள். 'சேர், இவவுடையதைக் கடையில் கொடுக்கமாட்டேன், நானே இருந்து நிரப்புவேன்' என்றாள். நாங்கள் பதில் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி கொடுத்தோம்.

பெறுபேறு வெளியாகி, விண்ணப்பம் கோரிய முதலாவது சனிக்கிழமை, ளுஹருக்குப் பிறகு, எங்கள் பாடசாலை நூலகம் திறந்திருக்கும். எந்தப் பாடசாலைப் பிள்ளையும் வரலாம், தமிழ்ப் பிள்ளைகளும் வரலாம், கட்டணம் இல்லை. கைநூல் ஐந்து பிரதி இருக்கிறது. கடந்த மூன்று வருட வெட்டுப்புள்ளிப் பட்டியல்களை அச்சடித்து வைத்திருக்கிறோம். பெறுபேற்றுப் பிரதி, சாதாரண தரச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் கொண்டு வாருங்கள். வாப்பா, உம்மா இருவரில் ஒருவராவது கூட வாருங்கள். ஒரு பென்சிலும் அழிரப்பரும் வேண்டும். முதல் பட்டியலைப் பென்சிலால்தான் எழுதப் போகிறோம்.